வாசகர் கேள்வி-பதில்: ஒரு வருஷம் உட்கார்ந்த பிரபஞ்சம்

போன இதழில் ‘ரெட் ட்வார்ஃப்’ என்ற பழைய பிபிசி தொடரைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். தட்டுமுட்டுச் சாமானை ஒட்டிச் செய்த மாதிரி ஒரு விண்கலம், அதற்குள் நாலு உதவாக்கரைகள், இணைப் பிரபஞ்சத்தை (நம் உலகத்துக்கு இணையாக, கொஞ்சம் மாறி ஓடும் இன்னொரு உலகத்தை) வைத்து இவர்கள் அளவுக்கு வேறு யாரும் என்னைச் சிரிக்க வைத்ததில்லை என்று. அவ்வளவுதான். வந்த கேள்விகளில் பாதி அதைப் பற்றியே இருப்பதால், அரசியல், காஸ் சிலிண்டர் விலை, என் தலைமுடி எங்கே போனது என்ற விசாரிப்பு எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிப்போகின்றன.

கேள்வி: நீங்கள் பாட்டுக்கு ‘பார்த்திருப்பீர்களே’ என்று எழுதிவிட்டீர்கள். நாங்கள் எங்கே சார் பார்த்தோம்? முதலில் கதையைச் சொல்லுங்கள். (விருதுநகர் வாசகர்)

தப்புதான். நானே தொண்ணூறுகளின் கடைசியில், லண்டனிலிருந்து லீவுக்கு வந்த மாமா பையன் பெட்டியில் துணிக்கு நடுவே சுருட்டிக் கொண்டுவந்த வீடியோ கேசட்டில்தான் பார்த்தேன். முதல் பத்து நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. மூன்றாவது எபிசோடுக்குள் விழுந்துவிட்டேன்.

ரெட் ட்வார்ஃப் என்பது கப்பலின் பெயர். சுரங்க வேலைக்குப் போகிற மகா பெரிய விண்கலம். அதில் ஆகக் கடைசிப் படியில் இருக்கும் ஊழியன் லிஸ்டர். அவனுக்கு ஒரே ஒரு படி மேலே இருக்கிற, ஆனால் தன்னை அட்மிரலாக நினைத்துக்கொள்கிற ரிம்மர்தான் அவனுடைய அறைத்தோழன். இருவருக்கும் வேலை என்னவென்றால், சூப் மெஷினில் அடைப்பு எடுப்பது. லிஸ்டர் திருட்டுத்தனமாக ஒரு பூனையைக் கப்பலுக்குள் கொண்டுவந்து மாட்டிக்கொள்கிறான். பூனை எங்கே என்று சொல்ல மறுத்ததால் காலம் உறைந்து நிற்கும் ஒரு அறையில் அவனைப் போட்டுப் பூட்டுகிறார்கள். அந்த நேரம் பார்த்து, ரிம்மர் ஒழுங்காகப் பழுது பார்க்காத ஒரு தகடு பிய்த்துக்கொண்டு, கதிர்வீச்சு பரவி, கப்பலில் அத்தனை பேரும் காலி. கதிர்வீச்சு அடங்கியபின் கம்ப்யூட்டர் ஹோலி கதவைத் திறக்கிறது. அதற்குள் 30 லட்சம் வருஷம் ஓடிவிட்டது.

மனித குலத்தில் மிச்சம் லிஸ்டர் ஒருவன். துணைக்கு, செத்துப்போன ரிம்மரின் ஹாலோகிராம், அதாவது ஒளியால் ஆன உருவம், நெற்றியில் ‘எச்’ எழுத்தோடு. அப்புறம் அந்தப் பூனையின் வம்சம் பரிணமித்து மிஞ்சிய ஒரு பூனை மனிதன், கண்ணாடி பார்ப்பதும் சட்டை மாற்றுவதும் தவிர அவனுக்கு வேறு ஜோலி கிடையாது. கொஞ்ச நாள் கழித்து கிரைட்டன் என்ற இயந்திர வேலைக்காரனும் சேர்ந்துகொள்வான். எழுதியவர்கள் ராப் கிராண்ட், டக் நெய்லர் என்ற இருவர். 1988 பிப்ரவரியில் ஆரம்பித்து 1999 வரை பிபிசியில் 52 எபிசோடுகள். பத்து வருஷம் கழித்து வேறு சானலுக்குப் போய், 2020 வரை விட்டு விட்டு வந்தது.

கேள்வி: கோடி கோடியாகக் கொட்டி எடுத்த மல்டிவெர்ஸ் (பல பிரபஞ்ச) படங்கள் இருக்க, அட்டைப்பெட்டி செட்டைப் போய்த் தூக்கிப் பிடிக்கிறீர்களே, இது ஒரு மாதிரி அறிவுஜீவி பந்தா இல்லையா? (கோவை வாசகர்)

பந்தா கொஞ்சம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விஷயம் வேறு. விண்வெளிப் போர் எடுக்கக் காசு வேண்டும், டைனோசருக்குக் காசு வேண்டும். இணைப் பிரபஞ்சம் மட்டும் கையில் காசில்லாத தயாரிப்பாளருக்கென்றே பிறந்த சங்கதி. வேற்றுக் கிரகம் தேவையில்லை. அதே அறை, அதே கட்டில், அதே ஆள், மீசை மட்டும் வேறு. பார்க்கிறவன் மீதியைத் தானே போட்டுக்கொள்வான்.

இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை. 1940-லேயே ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடம் போட்டுவிட்டார். மாஸ்க் ஷாட் என்பார்கள். லென்ஸில் பாதியை மறைத்து இடது பக்கத்து ஆளை எடுக்க வேண்டும், ஃபிலிமைப் பின்னால் சுற்றி, மறைப்பை மாற்றிப் போட்டு, அவரே உடை மாற்றிக்கொண்டு வந்து வலது பக்கம் நின்று, காலிச் சுவரைப் பார்த்துக் கோபமாக வசனம் பேச வேண்டும். நடுவில் கேமரா ஒரு மயிரிழை அசைந்தாலும் போச்சு, கோடு தெரிந்துவிடும். அதனால்தான் பழைய படங்களில் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே வசதியாக ஒரு தூணோ கதவு நிலையோ நிற்கும். சின்ன வயதில் நான் அந்தத் தூணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ரெட் ட்வார்ஃபின் முதல் சீசன் கடைசி எபிசோடில் இதே வித்தைதான். ரிம்மருக்குத் துணையாக இன்னொரு ரிம்மர் ஹாலோகிராம் வந்து சேர, இரண்டு ரிம்மர்களும் பக்கத்து அறைக்குக் குடிபோகிறார்கள். கொஞ்ச நாளிலேயே சுவர் அதிரச் சண்டை. ஒரு நடிகர், ஒரு அறை, அரை மணி நேரம். வேறு என்ன வேண்டும்?

காசு கொட்டியபோது என்ன ஆனது என்பதற்கும் இவர்களிடமே உதாரணம் இருக்கிறது. 1998-ல் முதல் மூன்று சீசன்களைத் தூசி தட்டி, பழைய பொம்மைக் கப்பலை வைத்து எடுத்த காட்சிகளைத் தூக்கிவிட்டு கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் போட்டார்கள். கப்பலையே நீட்டி இழுத்துவிட்டார்கள், ரசிகர்கள் அதற்கு வைத்த பெயர் ‘பென்சில்’. நான் இரண்டையும் பார்த்தேன். பழைய கப்பலில் பெயின்ட் உதிர்ந்த ஒரு கனம் இருக்கும், ஏதோ துறைமுகத்தில் துருப்பிடித்து நிற்கிற சரக்குக் கப்பல் மாதிரி. புதுசு வீடியோ கேம். சிரிப்பே வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜான் கார்ப்பென்டரும் டான் ஓபானனும் கல்லூரியில் மாணவர்களாக ஆரம்பித்து, மொத்தம் 60,000 டாலர் அளவில் முடித்து, 1974-ல் வந்த ‘டார்க் ஸ்டார்’ என்ற விண்வெளிப் படம். இணைப் பிரபஞ்சம் இல்லை, ஆனால் இந்தக் குடும்பத்துக்குப் பெரியப்பா. அதில் வரும் வேற்றுக்கிரக ஜந்து எது தெரியுமா? கடற்கரையில் குழந்தைகள் தட்டி விளையாடும் காற்றடைத்த பந்து. அடியில் ரப்பர் பாதம் ஒட்டியிருக்கிறார்கள். அது தத்தித் தத்தி வருவதைப் பார்த்துக் கண்ணீர் வரச் சிரித்தேன். அதே ஓபானன்தான் பிற்பாடு, 1979-ல் வந்து உலகத்தையே நடுங்க வைத்த ‘ஏலியன்’ படத்துக்குத் திரைக்கதை எழுதினார் என்பதை நம்பக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கும்.

கேள்வி: நீங்கள் சொன்ன அந்த இணைப் பிரபஞ்ச எபிசோடில் அப்படி என்னதான் நடக்கிறது? (திருச்சி வாசகி)

இரண்டாவது சீசனின் கடைசி எபிசோடு, 1988 அக்டோபரில் வந்தது. பெயரே ‘பேரலல் யுனிவர்ஸ்’தான், ரொம்ப யோசிக்கவில்லை. கம்ப்யூட்டர் ஹோலி பூமிக்கு நொடியில் போக ஒரு இயந்திரம் கண்டுபிடித்திருப்பதாக அறிவிக்கிறது. கொண்டுவந்து வைத்தால், ஒரு பெட்டி. ஸ்டார்ட், ஸ்டாப் என்று இரண்டு பொத்தான். நம் வீட்டு வோல்டேஜ் ஸ்டெபிலைசரில் கூட இதைவிட அதிகமான சமாசாரம் இருக்கும். அழுத்துகிறார்கள். பூமி வரவில்லை, இன்னொரு ரெட் ட்வார்ஃப் வருகிறது.

அந்தப் பிரபஞ்சத்தில் எல்லாம் ஆண்-பெண் தலைகீழ். நாடகம் எழுதியவர் வில்மா ஷேக்ஸ்பியர், நிலாவில் கால் வைத்தவர் நெல்லி ஆம்ஸ்ட்ராங். லிஸ்டருக்குப் பதில் டெப், ரிம்மருக்குப் பதில் ஆர்லீன். இங்கேதான் எழுதியவர்களின் சாமர்த்தியம்: எதிர் ஆட்கள் பெண்கள் என்று வைத்துவிட்டதால் மாஸ்க் ஷாட் கூட வேண்டாம், நாலு பேரைக் கூடுதலாகக் கூப்பிட்டு அதே செட்டில் உட்கார வைத்தால் வேலை முடிந்தது. பூனை மனிதன் மட்டும் தனக்கு ஜோடியாக ஒரு பூனைப் பெண் வருவாள் என்று தலை சீவிக்கொண்டு காத்திருக்கிறான். வந்து நிற்பது நாய். ஆண் நாய், உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி.

ரிம்மர் பெண்களை மயக்க என்னென்ன அசட்டு வழிகளை நம்பிக்கொண்டிருந்தானோ அதையெல்லாம் ஆர்லீன் அவன்மேலேயே காட்டுகிறாள். தன் மூஞ்சியைத் தானே பார்க்க நேர்ந்தவன் மாதிரி அவன் சுவரோடு சுவராக நகர்வது ஒன்றே போதும். லிஸ்டர் கதை இன்னும் மோசம். டெப்புடன் குடித்துக் கும்மாளம் போட்டு ஒரு இரவைக் கழித்துவிட்டு எழுந்தபிறகுதான் தெரிகிறது, அந்தப் பிரபஞ்சத்தில் பிள்ளை பெறுவது ஆம்பிளை. பரிசோதனை முடிவு வருகிற இடத்தில் லிஸ்டராக நடித்த கிரெய்க் சார்ல்ஸின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எல்லாம் பொன் என்று சொல்ல மாட்டேன். பெண்ணாதிக்க உலகம் பற்றிய சில ஜோக்குகள் அன்றைக்கே பழசு, இன்றைக்கு ஊசிப்போன வாடை அடிக்கிறது. ஆனால் 1988-ல் ஒரு ராத்திரி சிட்காமில் ஒரு முரடனை மசக்கையோடு நிறுத்தி சீசனை முடிக்கத் தைரியம் வேண்டும்.

அடுத்த சீசனில் அந்தக் குழந்தைகள் என்ன ஆயினர் என்பதை, கண்ணால் படிக்க முடியாத வேகத்தில் ஓடும் எழுத்துகளாகப் போட்டு முடித்துவிட்டார்கள். அந்த எபிசோடில் கம்ப்யூட்டர் திரையில் பெண் ஹோலியின் முகமாக வந்த ஹாட்டி ஹேரிட்ஜ் மூன்றாவது சீசனிலிருந்து நிரந்தர ஹோலி ஆகிவிட்டார். யோசித்தால் இதுவே ஒரு பிரபஞ்சத் தாவல்தான்.

கேள்வி: அறிவியல்படி இதெல்லாம் சாத்தியமா, இல்லை சும்மா ரீலா? நான் ஆட்டோவா பஸ்ஸா என்று முடிவெடுக்கும்போதெல்லாம் உலகம் இரண்டாகப் பிரிகிறதா? (பிளஸ் டூ மாணவர், தேனி)

தம்பி, பஸ் கட்டணத்தையெல்லாம் பிரபஞ்சம் கண்டுகொள்ளாது. இந்த யோசனையின் மூலவர் ஹ்யூ எவரெட். 1957-ல் பிரின்ஸ்டனில் முனைவர் பட்ட ஆய்வாக எழுதினார். அணு அளவில் நடப்பதைச் சொல்லும் குவாண்டம் கணக்குப்படி ஒரு எலெக்ட்ரான் ஒரே சமயத்தில் பல நிலைகளின் கலவையாக இருக்கலாம். நாம் அளந்து பார்த்தால் மட்டும் ஒரே ஒரு விடைதான் தெரிகிறது. மற்ற விடைகள் எங்கே போயின? ‘எங்கேயும் போகவில்லை, ஒவ்வொரு விடையும் அதனதன் கிளையில் நடந்துகொண்டுதான் இருக்கிறது, அளக்கிற நீயும் சேர்ந்து கிளை பிரிந்துவிட்டாய்’ என்றார் எவரெட். பிரிவது அணு அளவிலான நிகழ்வுகளால். உன் ஆட்டோ-பஸ் குழப்பத்துக்கு அதில் தனி மரியாதை ஒன்றும் இல்லை. இன்னொன்று, பிரிந்த கிளைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது. ஆகவே ஹோலியின் இரண்டு பொத்தான் பெட்டி வேலைக்கு ஆகாது.

எவரெட்டின் சொந்தக் கதையே ஒரு சோகக் காமெடி. அவர் யோசனையை அன்றைக்குப் பெரிய தலைகள் சட்டை செய்யவில்லை. மனிதர் பல்கலைக்கழகத்தை விட்டு அமெரிக்க ராணுவத் தலைமையகத்துக்குக் கணக்குப் போடப் போய்விட்டார். 1970-ல் பிரைஸ் டிவிட் என்பவர் எடுத்து எழுதியபிறகுதான் ‘பல உலகங்கள்’ என்று பிரபலமானது. 1982-ல் 51 வயதில் இறந்தார். தன் அஸ்தியைக் குப்பையோடு போட்டுவிடச் சொல்லியிருந்தார், பிற்பாடு அப்படியே செய்தார்கள். அவர் மகன் ‘ஈல்ஸ்’ இசைக்குழுவின் மார்க் எவரெட். அப்பாவைப் புரிந்துகொள்ள அவர் இயற்பியலாளர்களைத் தேடிப் போகும் பிபிசி ஆவணப்படம் ஒன்று 2007-ல் வந்தது. சிரிக்கவும் வைக்கும், தொண்டையையும் அடைக்கும்.

கேள்வி: தமிழில் இப்படி ஒன்று ஏன் வரவில்லை? (பெயர் போடாத கடிதம்)

ஜீவா எடுத்த ‘12பி’யை மறந்துவிட்டீர்களே. 2001. ஷாம் பஸ்ஸைப் பிடித்தால் ஒரு வாழ்க்கை, கோட்டைவிட்டால் இன்னொரு வாழ்க்கை. இயந்திரம் கிடையாது, மாநகரப் பேருந்துதான் மெஷின்! ஆனால் அது காதல் படமாகப் போய்விட்டது, இரண்டு ஷாமும் சந்தித்துச் சண்டை போட்டிருந்தால் நான் இன்னும் கொண்டாடியிருப்பேன்.

கேள்வி: ஏழு ஆஸ்கர் வாங்கிய ‘எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்’ பிடிக்குமா? (புதுச்சேரி வாசகி)

பிடிக்கும். முக்கியமாக அந்த இரண்டு கல். உயிரே தோன்றாத ஒரு பிரபஞ்சத்தில் அம்மாவும் மகளும் மலை விளிம்பில் இரண்டு பாறைகளாக உட்கார்ந்திருக்க, குரல் இல்லை, திரையில் எழுத்து மட்டும். தியேட்டரே கப்சிப். அந்தக் காட்சிக்கு நடிகர் சம்பளம் பூஜ்யம். விஷுவல் எஃபெக்ட்ஸையும் பத்துப் பேருக்கும் குறைவான ஒரு சின்னக் கூட்டம்தான் செய்து முடித்தது. கோவைக்காரர் இதையும் படிக்கவும்.

கேள்வி: பிளஸ் டூவில் என் பையன் ஒரு பாடத்தில் போய்விட்டான். ‘வேறு பிரபஞ்சத்தில் நான் பாஸ்’ என்று ஜோக் அடிக்கிறான். என்ன சொல்வது சார் இவனை? (ஒரு தாய், ஈரோடு)

அம்மா, பையன் ஜோக் அடிக்கிறான் என்றால் பாதி தேறிவிட்டான். அவனை உட்கார வைத்து 1991-ல் வந்த ‘டைமென்ஷன் ஜம்ப்’ எபிசோடைப் போட்டுக் காட்டுங்கள்.

அதில் இன்னொரு பிரபஞ்சத்திலிருந்து இன்னொரு ரிம்மர் வருகிறான். பெயர் ஏஸ். இருவருமே கிறிஸ் பாரிதான், ஏஸுக்கு ஒரு விக்கும் பளபளக்கும் ஜாக்கெட்டும் கூடுதல், அவ்வளவுதான் மேக்கப் செலவு. ஏஸ் சோதனை விமானி, அழகன், வீரன், எதிரே வருகிற ஆண் பெண் அத்தனை பேரும் மயங்கி நிற்கிறார்கள். நம்ம ரிம்மரோ பரீட்சை ஹாலில் ‘நான் ஒரு மீன்’ என்று நானூறு தடவை எழுதிவிட்டு மயங்கி விழுந்த ஆள். ஏஸைப் பார்த்ததும் ரிம்மருக்கு வயிறு எரிகிறது. ‘அவனுக்கு எல்லா வாய்ப்பும் தானாக வந்து விழுந்திருக்கும், எனக்கு எதுவுமே அமையவில்லை’ என்று பொருமுகிறான்.

ஏஸ் லிஸ்டரிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறான். இரண்டு பேர் வாழ்க்கையும் பிரிந்தது ஏழு வயதில். பள்ளிக்கூடத்தில் ஒருவனை அதே வகுப்பில் ஒரு வருஷம் உட்கார வைத்தார்கள், இன்னொருவனை மேலே அனுப்பிவிட்டார்கள். சரி, ரிம்மர்தான் உட்கார்ந்தவன் என்று லிஸ்டர் நினைக்கிறான், பார்க்கிற நாமும் நினைப்போம். இல்லையாம். உட்கார்ந்தவன் ஏஸ். சின்னப் பையன்களுக்கு நடுவே நெட்டையாக நின்ற அந்த அவமானம் உறைத்துத்தான் அவன் முட்டி மோதி எழுந்தானாம். மேலே போன ரிம்மர் வாழ்நாள் பூராவும் சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டான்.

முதல் தடவை இதைப் பார்த்தபோது நான் கேசட்டை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன், ஏனென்றால் நானும் ஒரு வருஷம் உட்கார்ந்தவன். ஆறாம் வகுப்பு. தலைமையாசிரியர் அறைச் சுவரில் பசை போட்டு ஒட்டிய பாஸ் பட்டியலில் என் எண்ணை மூன்று தடவை தேடினேன், மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை, அப்புறம் ஒருவேளை பக்கத்துத் தாளில் மாறி ஒட்டியிருப்பார்களோ என்று ஒரு தடவை. ஜூன் மாதம் அதே பெஞ்சு, அதே கரும்பலகை, பழைய கூட்டாளிகள் எல்லாம் அடுத்த கட்டடத்தில். புதுசாக வந்த பொடியன் ஒருவன் என்னை ‘அண்ணே’ என்று கூப்பிட்டு பென்சில் சீவித் தரச் சொன்னான். இன்றைக்கும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

ஆனால் அம்மா, நேர்மையாகச் சொல்ல வேண்டுமே, நான் ஏஸ் ஆகவில்லை. உட்கார்ந்தபிறகும் ரிம்மராகவே வளர்ந்து கேள்வி-பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆகவே பையனைத் துணைத்தேர்வுக்கு விண்ணப்பம் போடச் சொல்லுங்கள், கடைசித் தேதி தாண்டிவிடப் போகிறது. எபிசோடு ராத்திரி பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: அந்தத் தொடரில் நம்ம ஊர்க் குழம்பு அடிக்கடி வருமாமே? (காரைக்குடி வாசகர்)

நம்ம ஊர் இல்லை, கோவாவுக்குப் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த வினிகர்-பூண்டு இறைச்சி, அங்கே மிளகாய் ஏறி ‘விண்டாலு’ ஆகி, பிரிட்டனுக்குப் போய் நாக்கைச் சுடும் பந்தயச் சாப்பாடாக ஆனது. லிஸ்டருக்கு அதுதான் காலை உணவும். 1991-ல் ஒரு எபிசோடில் மரபணு இயந்திரத்துக்குள் விண்டாலு போய், மனிதனும் குழம்பும் கலந்த ஒரு பூதமாக எழுந்து அவனைத் துரத்துகிறது. துப்பாக்கியால் ஒன்றும் ஆகவில்லை, கடைசியில் பீர்தான் அதைக் கொல்கிறது. 1997-ல் இன்னும் ஒரு படி மேலே: கப்பலில் குழம்பு தீர்ந்துவிட்டது என்று காலத்தில் பின்னோக்கிப் போய், தவறுதலாக 1963 டல்லாஸில் இறங்கி, கென்னடியைச் சுட இருந்தவனை ஜன்னலிலிருந்து தள்ளிவிட்டு, உலக வரலாற்றையே வேறு தண்டவாளத்தில் ஏற்றிவிடுகிறார்கள். அதைச் சரிசெய்ய கென்னடியையே கூப்பிட வேண்டியதாகிறது, எப்படி என்று சொன்னால் நீங்கள் பார்க்க மாட்டீர்கள்.

காரைக்குடிக்காரர் நீங்கள். உங்கள் ஊர்க் கோழி மிளகு அந்த மரபணு இயந்திரத்துக்குள் போயிருந்தால் பீரெல்லாம் பத்தாது, மோர் கேட்டிருப்பார்கள்.